புதுப்பிப்பு: கார், விமானம் இல்லாமல் சுகோதாய்

பாங்காக்கிலிருந்து தாய்லாந்தின் பழைய தலைநகரான சுகோதாய் போய்ச் சுற்ற வழி கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது பிட்சனுலோக் ஊர் வழியாகப் போகும் யோசனைதான். சுகோதாய்க்கு ரயில் கிடையாது. பிட்சனுலோக் வரை ரயில், அப்புறம் சுமார் 60 கிமீ பேருந்து. ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் நடுவே டுக்டுக் பிடிக்க வேண்டும். பாங்காக்கில் பழைய ரயில் நிலையமான ஹுவா லம்போங் போகாதீர்கள். 2023 ஜனவரி முதல் வடக்கு விரைவு ரயில்கள் குருங் தேப் அபிவத் நிலையத்திலிருந்துதான்.

இடிபாடுகள் உள்ள பழைய நகரம் புது ஊருக்கு மேற்கே 12 கிமீ. பகிர்வு வண்டியான சோங்தேவ் போகிறது, ஆனால் சாயங்காலத்தோடு சரி. இதை நான் எதிர்பார்க்கவில்லை. இடிபாடுகள் இருக்கும் வரலாற்றுப் பூங்கா வாசலிலேயே வாடகைச் சைக்கிள் கிடைக்கிறது. தரை சமம் என்பதால் மிதிப்பது சுகம். வாட் சபான் ஹின் கோயில் இருக்கும் குன்றுக்கும் சைக்கிளே போதும். மேலே கற்படி ஏற மட்டும் தெம்பு வேண்டும்.