குட்டை வெட்ட இந்த மண் தாங்குமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பக்கம் எங்களுக்கு மூணு ஏக்கர் மானாவாரி நிலம். கடலை, உளுந்து போடுறோம். ஐப்பசி, கார்த்திகையில பெய்யுற மழை முழுக்க கிழக்கு மூலையில வழிஞ்சு ஓடிடுது. பங்குனியில மாட்டுக்குத் தண்ணி காட்டவே திண்டாட்டம். அந்த மூலையில பத்து சென்ட்ல ஒரு பண்ணைக்குட்டை வெட்டணும்.

தண்ணி வரத்து பத்தி கவலையில்லை. ஒரு ஏக்கர்ல 1 செ.மீ. மழை பெஞ்சாலே சுமார் 40,000 லிட்டர். அதுல கால்வாசி வந்து சேர்ந்தாலும் போதும். தண்ணி நிக்குமான்னுதான் பயம்.

சோதனைக்குழி எடுத்துப் பார்த்தோம். மேலே ரெண்டடி சரளை கலந்த செம்மண். அதுக்குக் கீழே மஞ்சக் களிமண், ஈரமா உருட்டினா உடையாம திரியா நீளுது. அஞ்சடியில சுக்கான் (சுண்ணாம்புக்கல் படிவு) தட்டுது. சாயங்காலம் நிரப்பின தண்ணி விடியறப்போ ஒரு சாண் இறங்கியிருந்துச்சு. மறுபடி நிரப்பினப்போ நாலு விரல்தான். முதல்ல காஞ்ச மண்ணு குடிச்சதாலயா, இல்ல சுக்கான் வழியா கசியுதா?

சுக்கானைத் தொடாம அஞ்சடியோட நிறுத்தி அகலமா வெட்டலாமா? ஆழமில்லாத குட்டை வெயில்ல சீக்கிரம் வத்திடுமேன்னும் யோசனை. உடைச்சு ஆழமாக்கி, அடியில களிமண்ணை மிதிச்சுக் கெட்டிப்படுத்தினா நிக்குமா? பாலித்தீன் விரிப்பு போட மனசில்லை, கீழே இருக்கிற கிணத்துக்கும் கொஞ்சம் ஊறணும். நிரம்பி வழியுற தண்ணி பக்கத்து வயல் வரப்பை அறுத்துடாம கலிங்கு எந்தப் பக்கம் வைக்கிறது?

சுக்கான் நிலத்துல குட்டை வெட்டின அண்ணன்மார், அக்காமார் கோடையில எவ்வளவு தண்ணி நின்னுச்சுன்னு சொன்னா பெரிய உதவி. பொக்லைன் சொல்றதுக்கு முன்னாடி முடிவு பண்ணணும்.