மருந்தடிச்சு முடிஞ்ச வெறும் போத்தலுகளை என்ன செய்யிறனீங்கள்?

கோப்பாய்ப்பெடியன்:
வணக்கம், நாங்கள் வெங்காயமும் மிளகாயும் செய்யிறம். வெறும் மருந்துப் போத்தலுகள் ஒரு உரப்பை நிறையக் கொட்டிலுக்க கிடக்கு. அப்பா கிணத்தடியில கழுவி எரிப்பம் எண்டுறார், அம்மா பெரிய கானை மண்ணெண்ணெய்க்கு எடுக்கப் பாக்கிறா, வீட்டில சின்னப் பிள்ளையளும் நிக்கினம். என்ன செய்யலாம்?

செம்மண்:
தம்பி, கிணத்தடியில மட்டும் கழுவாதேங்கோ. எங்கட யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக்கல், மேல கொஞ்ச மண், கீழ முழுக்க வெடிப்பும் பொந்தும், ஊத்துறது கெதியா நிலத்தடித் தண்ணியில சேர்ந்திடும், குடிக்கிறதும் இறைக்கிறதும் அதைத்தானே.
மருந்து கலக்கேக்கையே கழுவோணும். போத்தலைக் கவிட்டு 30 செக்கன் மருந்தடிக்கிற டாங்கிக்க வடிய விடுங்கோ, பிறகு கால்வாசிக்குத் தண்ணி விட்டு மூடியை இறுக்கி 30 செக்கன் குலுக்கி அதையும் டாங்கிக்கயே ஊத்துங்கோ, இப்பிடி 3 தரம். மூடியின்ர புரியையும் கழுவுங்கோ, அதுக்குள்ள மருந்து ஒட்டிக்கிடக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். பிறகு பாப்பம் எண்டு விட்டால் காய்ஞ்சு பிடிச்சிடும், லேசில போகாது.

கமக்காரி:
அம்மாட்டச் சொல்லுங்கோ, எத்தினை தரம் கழுவினாலும் பிளாஸ்ரிக்கில ஊறினது முழுக்கப் போகாது, வீட்டுப் பாவனைக்கு வேண்டவே வேண்டாம். கழுவின கையோட அடியில ஆணியால ரெண்டு மூண்டு ஓட்டை போட்டால் ஒருதரும் எடுக்கமாட்டினம். லேபலைக் கிழிக்காதேங்கோ, பிள்ளையள் தவறி வாயில வச்சிட்டால் டொக்டருக்கு அதைத்தான் காட்டோணும்.

கோப்பாய்ப்பெடியன்:
நன்றி அக்கா. அப்ப எரிக்கக் கூடாதோ? பழைய போத்தல் எடுக்க வாறவரிட்டக் குடுக்கலாமோ?

செம்மண்:
ரெண்டும் வேண்டாம். வளவுக்க மூட்டுற நெருப்பில அது முழுசா எரியாது, நஞ்சுப் புகைதான் வரும், பக்கத்து வீட்டுக்காரரும் அதைத்தான் சுவாசிக்கோணும். பழைய சாமானோட போனால் அந்தப் பிளாஸ்ரிக் பிறகு என்னவாய் வருமெண்டு ஆருக்குத் தெரியும். புதைக்கவும் வேண்டாம், திரும்பவும் அதே கிணத்துத் தண்ணிதான். வாங்கின கடையில திருப்பி எடுக்கினமோ எண்டு கேளுங்கோ, கமநல சேவை நிலையத்தில விவசாயப் போதனாசிரியரிட்டயும் விசாரியுங்கோ. அதுவரைக்கும் பூட்டி வையுங்கோ.
இன்னொண்டு, உரப்பையில கிடக்கிற பழசுகளை அதே மருந்து அடுத்தமுறை கலக்கேக்க மட்டும் கழுவி ஊத்துங்கோ. களைநாசினிப் போத்தல் கழுவின தண்ணி மிளகாய்க்குப் போனால் கண்டு கருகிப்போடும்.