ப்ளாஷ்கோ எஃபெக்ட்: நூறு வருஷமா பிடிபடாதது கணக்கோட எல்லையாலயா, பிசிக்ஸ் பத்தாததாலயா?

கணக்குப்பிள்ளை:
ராத்திரி உக்காந்து மாறும் நட்சத்திரம் பாக்கறவங்களும் லாஜிக் படிச்சவங்களும் இங்க ரெண்டு பேருமே இருக்கீங்க, அதனால இங்கயே கேக்கறேன். ஆர்ஆர் லைரேன்னு ஒரு ஸ்டார், 13 மணி 36 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊதிச் சுருங்குது. ஒவ்வொரு சுற்றுலயும் வெளிச்சம் ஒரே அளவு ஏறி இறங்கணும்ல, அதான் இல்ல. அந்த ஏற்றமே சில வாரம் பெருசா சில வாரம் சின்னதா, சுமார் 40 நாளுக்கு ஒரு தடவை கூடிக் குறைஞ்சுட்டே இருக்கு. இந்த மாதிரி ஒரு மாற்றத்தை 1907லயே ரஷ்யாவுல செர்கே ப்ளாஷ்கோ வேற ஒரு ஸ்டார்ல பாத்து எழுதினார், அவர் பேராலதான் ப்ளாஷ்கோ எஃபெக்ட்னு சொல்றாங்க. நூறு வருஷம் தாண்டியாச்சு, எல்லாரும் ஒத்துக்கற விளக்கம் இன்னும் வரல.

இதுக்கு காரணம் டேட்டா பத்தல, மாடல் பத்தலன்னு மட்டும் சொல்றதை நான் ஏத்துக்கல. 2015ல டோபி கியூபிட், டேவிட் பெரெஸ்-கார்சியா, மைக்கேல் வோல்ஃப் மூணு பேரும் நேச்சர்ல ஒரு ரிசல்ட் போட்டாங்க. ஒரு குவாண்டம் பொருளோட அடிமட்ட ஆற்றலுக்கும் அடுத்த மட்டத்துக்கும் நடுவுல இடைவெளி இருக்கா இல்லையா, இதை எல்லா கேஸுக்கும் முடிவு பண்ற ஒரு அல்காரிதம் இருக்கவே முடியாதுன்னு நிரூபிச்சுட்டாங்க. நிரூபிக்க முடியாத கணித உண்மைகள் இருக்குன்னு கோடல் 1931ல சொன்னது, எந்த அல்காரிதமாலயும் முடிவு பண்ண முடியாத கேள்விகள் இருக்குன்னு டியூரிங் 1936ல சொன்னது, அதெல்லாம் நேரா பிசிக்ஸ் வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்துடுச்சு. அதுக்கும் முன்னாடி 1981லயே மரியன் போர்-எல், இயன் ரிச்சர்ட்ஸ் ரெண்டு பேரும் சாதாரண அலைச் சமன்பாட்டுக்கே, ஆரம்ப நிலை முழுக்க கணக்கிடக் கூடியதா (வேணும்ங்கற துல்லியத்துக்கு கம்ப்யூட்டர் போட்டுத் தரக் கூடியதா) இருந்தும் பின்னாடி வர்ற விடை கணக்கிட முடியாததா போகும்னு காட்டினாங்க. ஸ்டாரோட துடிப்பும் அலைதானே? அப்ப ப்ளாஷ்கோ எஃபெக்ட் மாதிரி கேள்விகள்ல சிலது கணிப்போட எல்லைக்கு வெளிய இருக்கலாம்ங்கறதை ஏன் யாருமே பேச மாட்டேங்கறாங்க?

தெற்குவானம்:
ப்ரோ, "இன்னும் பிடிபடல"ங்கறதுல இருந்து "பிடிபடவே படாது"க்கு ஒரே தாவா தாவிட்டீங்க. எங்க துறையில இந்தத் தாவலுக்கு எதிரா ஒரு முழு வரலாறே இருக்கு.

முதல்ல ஸ்டார் ஏன் துடிக்குதுங்கறதையே எடுத்துக்கோங்க. டெல்டா செஃபியோட மாற்றத்தை ஜான் குட்ரிக் 1784ல கண்டுபிடிச்சார், 5.37 நாள் பீரியட். காரணம் தெரிய 150 வருஷத்துக்கு மேல ஆச்சு. சும்மா விட்டா உராய்வுல துடிப்பு அடங்கிடும், யாரோ உள்ள இருந்து தள்ளிட்டே இருக்கணும். உள்ள ஒரு வால்வு மாதிரி ஏதோ வேலை பாக்குதுன்னு எடிங்டன் சொன்னார், ஆனா வால்வு எந்த இடத்துல இருக்குன்னு சரியா பிடிபடல. 1953ல சோவியத்தோட செர்கே ஷெவாகின் இடத்தைக் காட்டினார். மேல்பரப்புக்குக் கீழ சுமார் 40,000 டிகிரி சூட்டுல ஒரு அடுக்கு, அங்க ஏற்கெனவே ஒரு எலக்ட்ரானை இழந்த ஹீலியம் ரெண்டாவதையும் இழக்கற நிலையில நிக்குது. ஸ்டார் சுருங்கும்போது அமுக்கற ஆற்றல் அந்த எலக்ட்ரானைப் பிரிக்கவே செலவாகுது, அதனால சூடு பெருசா ஏறல, அடர்த்தி மட்டும் ஏறுது, அந்த அடுக்கு வெளிச்சத்தை விடாம அடைச்சுக்குது. அடைபட்ட வெப்பம் மேல இருக்கறதைத் தூக்கி வெளிய தள்ளுது. விரிஞ்சதும் எலக்ட்ரான் திரும்ப ஒட்டிக்குது, அடைப்பு தெளியுது, வெப்பம் வெளிய போயிடுது, மறுபடி கீழ விழுது. இதுல கோடலும் இல்ல டியூரிங்கும் இல்ல, அணு பிசிக்ஸ் மட்டும்தான்.

அடுத்தது இன்னும் வலுவான உதாரணம். பீட்டா செஃபி வகை ஸ்டார்கள் துடிக்கறது 1900களோட ஆரம்பத்துலயே தெரியும். அதுங்க ரொம்ப சூடு, அந்த ஹீலியம் அடுக்கு மேல வந்து வேலைக்கு ஆகாத இடத்துல நிக்கும், அப்ப எது தள்ளுதுன்னு பல பத்து வருஷம் யாருக்கும் தெரியல. அதே காலத்துல ரெண்டு பீரியட்ல துடிக்கற செஃபைட்களோட, அதாவது டெல்டா செஃபி வகை ஸ்டார்களோட, எடையும் கணக்குல ரொம்ப கம்மியா வந்து உதைச்சுட்டே இருந்துது. 1982ல நார்மன் சைமன்ங்கறவர், கனமான தனிமங்களோட ஒளித்தடையை (வெளிச்சத்தை எவ்வளவு அடைக்குதுங்கற அளவை) எல்லாரும் குறைச்சுப் போட்டுட்டீங்க, திரும்பக் கணக்கு போடுங்கன்னு கெஞ்சாத குறையா எழுதினார். போட்டாங்க. அமெரிக்காவோட லிவர்மோர் ஆய்வகத்துல ரோஜர்ஸும் இக்லேசியாஸும் 90களோட தொடக்கத்துல ஓபல்ங்கற புது ஒளித்தடை டேபிள்களை வெளியிட்டப்போ, 2 லட்சம் டிகிரி பக்கத்துல இரும்பால வர்ற தடை பழைய எண்ணைவிட 2, 3 மடங்கு கூடுச்சு. செஃபைட் எடைச் சிக்கல் பெரும்பாலும் தீந்துது, பீட்டா செஃபியைத் தள்ற கையும் கிடைச்சுது, ஒரே அடியில ரெண்டும். 1980ல நீங்க இருந்திருந்தா பீட்டா செஃபியையும் கணிப்போட எல்லைன்னு சொல்லி மூட்டை கட்டியிருப்பீங்க.

மீள்சுட்டி:
லாஜிக் பக்கத்துல இருந்து பேசறேன், கணக்குப்பிள்ளை சொன்ன தியரம் எல்லாம் நிஜம்தான், ஆனா அதை வச்ச இடம் சரியில்ல.

அந்த 2015 ஆற்றல் இடைவெளி (ஸ்பெக்ட்ரல் கேப்) ரிசல்ட் முடிவே இல்லாத பெரிய லாட்டிஸ், அதாவது துகள்களைக் கட்டம் கட்டமா அடுக்கின அமைப்பு, பத்தினது. ஒவ்வொரு டியூரிங் மெஷினுக்கும் (டியூரிங் கற்பனையில கட்டின கம்ப்யூட்டர்) ஒரு பொருளைக் கட்டறாங்க, அந்த மெஷின் நிக்குமா நிக்காதாங்கறதுதான் இடைவெளி இருக்கா இல்லையான்னு மாறுது, அதனால எல்லாப் பொருளுக்கும் சேத்து ஒரே வழிமுறை கிடையாது. உங்க கையில இருக்கற ஒரே ஒரு குறிப்பிட்ட பொருளுக்கு ஆமா இல்ல ரெண்டுல ஒண்ணுதான் விடை, தனியா ஒரு விடையை "முடிவு பண்ண முடியாதது"ன்னு அந்த அர்த்தத்துல சொல்லவே முடியாது. ஆர்ஆர் லைரே ஒரே ஒரு ஸ்டார், அதுவும் முடிவுள்ள அளவு.

போர்-எல், ரிச்சர்ட்ஸ் பேப்பரை எல்லாரும் தலைப்போட நிறுத்திடறாங்க, அதான் என் வருத்தம். அவங்க எடுத்த ஆரம்ப வடிவத்துல சின்னச் சின்ன சுருக்கங்களை நிரப்பி வச்சாங்க, மேல கை வச்சுப் பாத்தா வழவழன்னு இருக்கும், ஆனா அதோட சரிவை கணக்கிட முடியாது. முப்பரிமாணத்துல அந்த அலை எல்லாப் பக்கத்துல இருந்தும் ஒரு புள்ளிக்கு வந்து குவியறப்போ விடைக்குள்ள அந்தச் சரிவு நுழைஞ்சுடுது, கணக்கிட முடியாத எண் அங்க வந்து நிக்குது. ஆனா இதெல்லாம் ஒவ்வொரு புள்ளியிலயும் உயரத்தை அளந்தா மட்டும்தான். மொத்த ஆற்றலை வச்சு அளந்தா அதே சமன்பாடு கணக்கிடக் கூடியதை கணக்கிடக் கூடியதாவே வச்சிருக்கும்னு அவங்களே நிரூபிச்சிருக்காங்க. 2002ல கிளாஸ் வைராக், நிங் சோங் ரெண்டு பேரும், இயற்கைக்குப் பொருந்தற வெளிகள்ல அலை பரவறது கணக்கிடக் கூடியதுதான்னு விரிவா காட்டினாங்க. ஸ்டார் உருண்டையாவே ஊதிச் சுருங்கறதை, துடிப்பு ரொம்பச் சின்னதுன்னு வச்சு நேர்கோட்டுச் சமன்பாடா எழுதினா, அது ஸ்டர்ம்-லியூவில்ங்கற பழகின வகைப் பிரச்சனை, ஒவ்வொரு பீரியடும் ஒரு ஐகன்வேல்யூ, அதாவது அந்தச் சமன்பாடு தானா அனுமதிக்கற தனி எண்ல இருந்து வருது. அந்த மாதிரி சமன்பாடுகளோட ஐகன்வேல்யூ ஒவ்வொண்ணும் தனித்தனியா கணக்கிடக் கூடியதுங்கறதும் அதே போர்-எல், ரிச்சர்ட்ஸோட தியரம்தான்! நம்ம சந்திரசேகர் 1964ல கொடுத்த வேரியேஷனல் பிரின்சிபிளை எடுத்தீங்கன்னா கையாலயே அந்த எண்ணை மேல இருந்து நெருங்கிட்டு வரலாம்.

கணக்குப்பிள்ளை:
நேர்கோட்டுத் துடிப்புல எனக்கு வாதமே இல்ல மீள்சுட்டி, பீரியட் எவ்வளவுன்னு நான் கேக்கவே இல்லையே. ப்ளாஷ்கோ எஃபெக்ட் நேர்கோடு இல்லாத விஷயம். 2011ல ராபர்ட் புக்லரும் சோல்டான் கோலாத்தும் சொன்னது என்ன, அடிப்படைத் துடிப்பும் ஒன்பதாவது ஓவர்டோனும் (அதைவிட வேகமான துணைத் துடிப்பு) 9க்கு 2 விகிதத்துல ஒண்ணையொண்ணு பிடிச்சுக்குது, அதுக்கான ஆம்ப்ளிட்யூட் சமன்பாடுகளை (துடிப்போட அளவு எப்படி மாறுதுன்னு சொல்ற சமன்பாடுகளை) தீத்தா ஒழுங்கில்லாத ஏற்ற இறக்கம் தானாவே வருதுன்னு. அந்த சமன்பாடுகள் பாலினாமியல் டிஃபரன்ஷியல் சமன்பாடுகள். பாலினாமியல் டிஃபரன்ஷியல் சமன்பாடுகளால எந்த டியூரிங் மெஷினையும் நடிச்சுக் காட்ட முடியும்னு டேனியல் கிராசாவும் அவர் கூட்டாளிகளும் 2008ல காட்டியாச்சு. அப்ப "இந்த ஏற்ற இறக்கம் என்னைக்காவது நிக்குமா"ங்கற கேள்விக்கு பொதுவான வழிமுறை இல்லாம போகறதுக்கு கதவு திறந்துதான் இருக்கு.

இன்னொண்ணு ஆர் ஸ்கூட்டிங்கற துடிக்கற ஸ்டார். அமெச்சூர் ஆளுங்க பல பத்து வருஷமா கண்ணால பாத்து எழுதின வெளிச்ச அளவுகளை எடுத்து 1995ல புக்லரும் கூட்டாளிகளும் அலசினாங்க, நாலே பரிமாணத்துல அடங்கற கேயாஸ்னு வந்துது. கேயாஸ்னா சின்னப் பிழையும் வளந்துட்டே போகும், தூரத்து எதிர்காலம் கைக்கு வராது. இது ஒரு எல்லையா இல்லையா சொல்லுங்க.

தெற்குவானம்:
கேயாஸ் வேற, முடிவு பண்ண முடியாமை வேற, ரெண்டையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டாதீங்க. ஆர் ஸ்கூட்டியில வந்த ரிசல்ட்டே உங்களுக்கு எதிராதான் பேசுது. தாறுமாறா தெரிஞ்ச ஒரு ஸ்டாரை நாலு எண்ணால ஓட்ட முடியுதுன்னு காட்டினாங்க, அது புரிதலோட வெற்றி.

அந்த 2008 ரிசல்ட்டும் அப்படித்தான். டியூரிங் மெஷினை ஓட்டணும்னு பாத்துப் பாத்துக் கட்டின சமன்பாடு அது. எங்க சமன்பாட்டுல ரெண்டு மூணு மோட் (துடிப்பு வகை), அவ்வளவுதான். அது டியூரிங் மெஷினை ஓட்டும்னு யாராவது காட்டியிருக்காங்களா? பாலினாமியல்னு ஒரே பேர் இருக்கறதால ஒரே குணம் வந்துடாது. தியரி இடிச்சு நிக்கற இடம் எதுன்னு எங்களுக்குத் தெரியும், வெப்பச்சலனம். கொதிச்சுப் புரளற வாயு துடிப்போட எப்படிச் சேருதுன்னு நல்ல முப்பரிமாண மாடல் இல்ல. மத்த இடத்துல தியரி நிக்குது: பெரிய மெகல்லானிக் மேகம்ங்கற பக்கத்து கேலக்ஸியில இன்னொரு ஸ்டாரோட ஜோடியா சுத்தி ஒண்ணையொண்ணு மறைக்கற ஒரு செஃபைடை 2010ல பீட்ரின்ஸ்கி குழு எடை போட்டாங்க, 1 சதவீதத் துல்லியம், துடிப்புத் தியரி சொன்ன எடையோட அப்படியே ஒத்துப்போச்சு.

இரவுக்கண்:
நான் பாக்கறவ, கணக்கு போடறவ இல்ல, ஆனா இந்த விவாதத்துல டேட்டாவை ரெண்டு பக்கமும் ரொம்ப லேசா தள்ளிட்டீங்க, அதுதான் பொறுக்கல. ஆர்ஆர் லைரேயோட பீரியட் 13.6 மணி. ரெண்டு சுற்று முடிய 27 மணி 12 நிமிஷம். ஒரே ஊர்ல இருந்து பாக்கறவங்களுக்கு இன்னிக்கு ராத்திரி உச்சம் தெரிஞ்சா அடுத்த உச்சம் பகல்ல போயிடும், அதுக்கடுத்ததுதான் நாளைக்கு ராத்திரி கிடைக்கும். அதாவது ஒண்ணு விட்டு ஒண்ணுதான் கண்ணுல படும். கெப்ளர் தொலைநோக்கி மேல இருந்து கண் மூடாம பாத்ததும் 2010ல என்ன தெரிஞ்சுது? அடுத்தடுத்த உச்சங்கள் ஒண்ணு உயரம் ஒண்ணு குட்டைன்னு மாறி மாறி வருது, பீரியட் டபுளிங். நூறு வருஷமா எல்லாரும் உத்துப் பாத்த ஸ்டார் அது, பூமி சுத்தறதால அந்த மாற்றம் யாருக்கும் தெரியாமயே இருந்திருக்கு. கணக்குப்பிள்ளை சொன்ன அந்த 9க்கு 2 யோசனையே இந்த டேட்டா வந்தப்புறம்தான் பிறந்துது. பார்வைல இருந்த ஓட்டையைப் போய் லாஜிக் எல்லைன்னு சொல்லிட்டா எப்படி?

மெட்ராஸ் அப்சர்வேட்டரில வேலை பாத்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867ல ஆர் ரெட்டிகுலின்னு மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடிச்சார், மீரா வகை, அதுவும் துடிக்கற ஸ்டார்தான். அப்படி ராத்திரி ராத்திரியா எழுதி வச்சவங்க இல்லாம உங்க நாலு பரிமாணமும் கிடையாது, ஆம்ப்ளிட்யூட் சமன்பாடும் கிடையாது.

மீள்சுட்டி:
இரவுக்கண் மேடம் சொன்ன 27 மணி நேரக் கணக்கு அபாரம், இதுக்கு நன்றி.

கணக்குப்பிள்ளைக்கு ஒண்ணு, தெற்குவானத்துக்கு ஒண்ணு. கணக்குப்பிள்ளை, நிஜ ஸ்டார்ல எப்பவும் இரைச்சல் இருக்கு, அந்த வெப்பச்சலனமே இரைச்சல்தான். மார்க் பிரேவர்மன், அலெக்சாண்டர் கிரிகோ, கிறிஸ்டோபல் ரோஹாஸ் மூணு பேரும் 2012ல இதைத்தான் ஆராய்ஞ்சாங்க. இரைச்சலே இல்லாத சிஸ்டத்துல நீண்டகால நடத்தையோட புள்ளிவிவரம் கணக்கிட முடியாததா இருக்கலாம், துளி இரைச்சல் சேத்தா பொதுவா அது கணக்கிடக் கூடியதா மாறிடுது. அதனால நீங்க கேக்க வேண்டியது "நிக்குமா நிக்காதா" இல்ல, "எவ்வளவு நேரம் எந்த நிலையில இருக்கும்". தெற்குவானம், நீங்க லாஜிக்கைத் தள்ளி வைக்கற வேகம் எனக்குப் பிடிக்கல. எந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும், எதுக்குக் கிடைக்காதுன்னு இந்த மாதிரி பிரிச்சுச் சொல்றது லாஜிக் தவிர வேற யாரு?

கணக்குப்பிள்ளை:
2012 ரிசல்ட்டை எடுத்துக்கறேன், அது என் வாதத்தைக் கூர்மையாத்தான் ஆக்குது. ஆம்ப்ளிட்யூட் சமன்பாட்டுல இரைச்சலைக் கழிச்சுட்டுத்தானே எல்லாரும் தீக்கறாங்க? அப்ப அந்த மாடலோட கேள்வி முடிவு பண்ணக் கூடியதான்னு கேக்கறது நியாயமான கணிதக் கேள்வி, ரெண்டு மோட், மூணு மோட்னு தெற்குவானம் சொன்ன அதே குட்டி வகைக்கு யாராவது உக்காந்து நிரூபிக்கட்டும். முடிவு பண்ணலாம்னு வந்தா நான் வாயை மூடிக்கறேன்.

தெற்குவானம்:
அந்தக் கேள்வியை அப்படிக் குறுக்கிக் கேட்டா எனக்கும் ஆட்சேபம் இல்ல, நல்ல தீசிஸ் டாபிக். ஆனா அதுக்கு என்ன விடை வந்தாலும் அது மாடலைப் பத்தின விடை. ஸ்டாரைப் பத்தி கேக்கணும்னா முதல்ல வெப்பச்சலனத்தைச் சரியா போட்ட மாடல்ல ப்ளாஷ்கோ ஏற்ற இறக்கம் தானா வரட்டும், இரவுக்கண் மாதிரி ஆளுங்களோட டேட்டாவுல வச்சு ஒப்பிட்டுப் பாப்போம், நான் என் நேரத்தை அங்கதான் போடுவேன்.