தலையங்க உருவகங்கள் மொழிமாற்றத்துக்குச் சான்றாகுமா?

கேள்வி:
நாளிதழ்த் தலையங்கங்களிலும் நடுப்பக்கக் கட்டுரைகளிலும் வரும் உருவகங்களைப் பத்தாண்டுக்கு ஒரு தொகுப்பாகத் திரட்டி வருகிறேன். ‘வாக்கு வங்கி’, ‘குதிரை பேரம்’, ‘பனிப்போர்’, ‘பணவீக்கம்’ போன்றவை எந்தக் கட்டத்தில் உருவகத்தன்மையை இழந்து வெறும் சொல்லாயின என்று அறிய வேண்டும். எண்ணிக்கை கூடுவதை மட்டும் வைத்து மொழி மாறியது எனலாமா?

பதில் 1:
கூடாது. 2020இல் பெருந்தொற்று பரவியபோது ‘போர்’, ‘முன்களம்’, ‘கண்ணுக்குத் தெரியாத எதிரி’ ஆகியவை கட்டுரைகளில் நிறைந்தன. அப்போது மாறியது பேசுபொருளே தவிர மொழியன்று. எத்தனை முறை வந்தது என்பதைவிட, அச்சொல் எந்த வினையோடு வருகிறது என்று பாருங்கள். உடம்பில் கண்ட வீக்கம் வடியும், வற்றும், ஏறி இறங்காது. ஆனால், ‘பணவீக்கம் ஏறியது’, ‘இரட்டை இலக்கத்தைத் தொட்டது’ என்று இன்று தயக்கமின்றி எழுதுகிறோம். பழைய படிமத்தோடு பொருந்தாத வினை, எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் உறுத்தாமல் வந்து அமர்கிறதென்றால், அங்கே உருவகம் மங்கிவிட்டது எனக் கொள்ளலாம். மேற்கோள்குறி உதிர்வதையும் சிலர் அடையாளமாகக் காட்டுவர். அது பல வேளைகளில் ஆசிரியர் குழுவின் நடைவிதியைத்தான் காட்டும்.

பதில் 2:
ஒன்றன் பெயரால் அதற்கு இயைபுடைய பிறிதொன்றைத் ‘தொன்முறை’, அதாவது வழிவழி வந்த வழக்கப்படி, உரைப்பதே ஆகுபெயர் என்கிறது நன்னூல். ஒருவர் புதிதாகப் புனைந்த அணி வேறு, வழக்கில் ஊறிய பெயர் வேறு என்பதற்கு அந்த ஒரு சொல்லே போதும். அணி முதலில், பெயர் பிறகு என்பதே வழக்கமான வரிசை. ஆயினும் ‘பனிப்போர்’ இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. அது மொழிபெயர்ப்பாக, அமெரிக்க–சோவியத் பகைமைக்கு உரிய ஆயத்தப் பெயராகவே தமிழுக்கு வந்தது. பின்னர் ஒரே கட்சியின் இரு தலைவர்களிடையே நிலவும் வெளிப்படாத பூசலுக்கு அதை வழங்கியபோதுதான் தமிழில் அது உருவகமாயிற்று. மங்குவதை மட்டும் தேடினால் இத்தகைய உயிர்ப்பைத் தவறவிடுவீர்கள்.

பதில் 3:
தலையங்கம் எழுதுவோர் மிகச் சிலர். அவர்களுடைய நடை பெரும்பாலும் செம்மையாக்கத்துக்குப் பின்னரே அச்சேறுகிறது. அதே நாளிதழின் வாசகர் கடிதங்களையும் சேர்த்துப் பாருங்கள். அவையும் திருத்தப்படுபவைதாம், ஆனால் எழுதும் கைகள் பல.

கேட்டவர்:
வாசகர் கடிதங்களைத் தொகுப்பில் சேர்க்கவே இல்லை. முதலில் ‘பணவீக்கம்’ எந்தெந்த வினைகளோடு வருகிறது என்று இரண்டிலும் தனித்தனியே எண்ணிப் பார்க்கிறேன்; ‘பனிப்போர்’ எந்த ஆண்டில் உள்நாட்டு அரசியலுக்குள் நுழைந்தது என்பதையும் தேடுகிறேன்.