முதல் ப்ராக் ராக் கச்சேரி: போனவர்கள் சொல்லுங்களேன்

பின்னிரவுக் காது:
எனக்கு 23 வயது, ஊர் திருச்சி. மூன்று வருஷமாக ப்ராக் ராக் (நீளமான, நடுவில் தாளம் மாறுகிற ராக் இசை) கேட்கிறேன், எல்லாமே ஹெட்போனில்தான். ஒரு பாட்டு 20 நிமிஷம் ஓடும் என்றால் "அது பாட்டா, டவுன் பஸ்ஸா?" என்கிறாள் அக்கா. இதுவரை ஒரு கச்சேரிக்கும் போனதில்லை. முதல் தடவை போனபோது உங்களுக்கு எப்படி இருந்தது? ஆல்பத்தில் இருக்கிற மாதிரியே வாசிப்பார்களா? கூட்டம் உட்கார்ந்து கேட்குமா, ஆடுமா? நடுவில் கொட்டாவி வந்தால் யாராவது முறைப்பார்களா? யூடியூபில் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதைத்தான் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மிச்ரசாபு:
2002 ஏப்ரல், பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ், பிங்க் ஃப்ளாய்ட் குழுவில் இருந்த ரோஜர் வாட்டர்ஸ். அப்போது சேலத்தில் கல்லூரி இரண்டாம் வருஷம். டிக்கெட்டுக்காக சைக்கிளை விற்றுவிட்டு, திருட்டுப் போய்விட்டது என்று வீட்டில் சொன்னேன். இன்றுவரை அப்படித்தான் நம்புகிறார்கள், எனவே என் பெயரைக் கேட்காதீர்கள்.

மேடையில் மட்டுமில்லாமல் கூட்டத்துக்குப் பின்னாலும் ஸ்பீக்கர் வைத்திருப்பார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. திடீரென்று முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள் சிரிக்கிறான். திரும்பினேன், என் வரிசையில் பாதிப் பேர் திரும்பியிருந்தார்கள், பின்னால் பார்த்தால் ஒரு கம்பமும் அதில் ஒரு கறுப்புப் பெட்டியும்தான். வீட்டில் இரண்டு ஸ்பீக்கரில் நூறு தடவை கேட்ட சிரிப்புதான், ஆனாலும் வெலவெலத்துப் போய்விட்டது.

அப்புறம் பிங்க் ஃப்ளாய்டின் 'மனி' பாட்டு வந்தது. கல்லாப்பெட்டி, சில்லறை சத்தமெல்லாம் ஒரு ஒழுங்கில் சுற்றி வருமே, அது ஏழு எண்ணிக்கை. என் பாட்டி வீட்டிலேயே பாட்டு சொல்லிக்கொடுத்தவர், தாளம் போடாமல் பாட்டு கேட்டால் தொடையில் அடி விழும். கை தானாக தகிட தகதிமி போட ஆரம்பித்துவிட்டது, சாக்ஸபோன் முடிகிறவரைக்கும் ஒரு பிசிறும் இல்லை. கிடார் சோலோ வந்ததும் பாட்டு நாலுக்கு மாறிவிடும், அதை நான் கவனித்ததே இல்லை. கை அதன்பாட்டுக்கு ஏழிலேயே போய், எங்கேயோ போய் விழுகிறது. பக்கத்தில் நின்ற ஒருவர், நாற்பது வயது இருக்கும், அலுவலகத்திலிருந்து நேராக வந்த மாதிரி இன் செய்த சட்டை, என் மணிக்கட்டைப் பிடித்து "நால்கு, நால்கு" என்று தன் தாளத்துக்கு இழுத்துக்கொண்டார். சோலோ முடிந்து மறுபடி ஏழு வந்ததும் கையை விட்டுவிட்டார். அவ்வளவுதான், அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

உன் கேள்விக்கு: கிட்டத்தட்ட ஆல்பம் மாதிரியேதான் வாசித்தார்கள். கீபோர்டில் வாட்டர்ஸின் மகன் ஹாரி இருந்தார். உட்கார எங்கே இடம், நின்றுகொண்டேதான்.

மூக்குக்கண்ணாடி:
2009, சென்னை ஐஐடியின் சாரங் கலைவிழா, ஓஏடி என்கிற திறந்தவெளி அரங்கில் ஓபெத் குழு. சுவீடனில் இருந்து வந்து நம்ம கிண்டிப் பக்கம் வாசிக்கிறார்கள் என்பதையே நண்பர்கள் யாரும் நம்பவில்லை. அவர்கள் பாடகர் ஓக்கர்ஃபெல்ட் ஒரு நிமிஷம் அடித்தொண்டையில் உறுமுவார், அடுத்த நிமிஷம் தாலாட்டு மாதிரி பாடுவார், நடுவில் முகத்தில் சிரிப்பே இல்லாமல் ஜோக் அடிப்பார். உறுமல் பகுதியில் முன்படியில் இருந்தவன் தலையைச் சுழற்றினான், இடுப்பு வரை முடி, அது என் கண்ணாடியைத் தட்டி நாலு படி கீழே கொண்டுபோய்விட்டது. மீதிக் கச்சேரி முழுக்க ஐந்து மங்கலான உருவங்கள்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன், கண் தெரியாதபோது பேஸ் கிடார் தனியாகக் கேட்டது, அதுவரை அதை நான் காதில் வாங்கியதே இல்லை.

திருத்தக்காரன்:
ஓபெத் மெட்டல். கேட்டது ப்ராக்.

மூக்குக்கண்ணாடி:
2003-ல் ஒரு முழு ஆல்பத்தை உறுமலே இல்லாமல் போட்டார்கள், அதையும் கேட்டுவிட்டு வாருங்கள் சார். சண்டை வேண்டாம்.

ஆரியகுளம்:
தம்பி, நான் லண்டனில் இருக்கிறன். என்ர முதல் கச்சேரி 1981 ஜூன், ஏர்ல்ஸ் கோர்ட் அரங்கு, பிங்க் ஃப்ளாய்டின் 'தி வால்' (சுவர்) கச்சேரி. படிக்க வந்து இரண்டு வருஷம் ஆகவில்லை, கூடப் படித்த வெள்ளைப் பெடியன் ஒருவன் ரிக்கற் எடுத்து வைச்சிருந்தான்.

அன்று பின்னேரம் ஐயாவின் கடிதம் வந்தது, நீல ஏரோகிராம். ஜூன் 1-ம் திகதி இரவு யாழ்ப்பாண நூலகம் எரிஞ்ச விஷயம் பத்திரிகையில் சின்னதாகப் பார்த்திருந்தன், ஐயாவின் கையெழுத்தில் அப்போதுதான் பார்த்தன். ஏறக்குறைய 97,000 புத்தகம் என்கிறார்கள். ஐயா கணக்கு ஒன்றும் எழுதேல்லை. கிணத்தடியில் கருகின தாள் ஒன்று கிடந்தது, எடுக்கப் பொடிஞ்சு போச்சு, என்று மட்டும் எழுதியிருந்தார். கடிதத்தைக் கோட்டுப் பைக்குள் வைச்சுக்கொண்டுதான் போனன்.

தொடக்கத்தில் நாலு பேர் வந்து வாசிக்கினம், எல்லாரும் கத்துகினம், பிறகு பார்த்தால் அவை முகமூடி போட்ட வேற ஆக்கள். பாட்டுக்கு நடுவில் வேலையாட்கள் அட்டைப் பெட்டிக் கல்லுகளை ஒவ்வொன்றாக அடுக்கி மேடைக்கும் எங்களுக்கும் நடுவில் சுவர் கட்டினார்கள், ஏறக்குறைய 40 அடி உயரம். கடைசியாக ஒரு கல்லுக்கு இடம் மிச்சம், அந்த ஓட்டைக்குள்ளால வாட்டர்ஸ் பாடினார், பாடி முடிய அதையும் அடைச்சாச்சு. இடைவேளை. எல்லாரும் பியர் வாங்கப் போய்விட்டினம். நான் இருந்த இடத்திலேயே இருந்து அந்த வெள்ளைச் சுவரையும் பார்த்து, கடிதத்தையும் இன்னொருக்கால் வாசிச்சன்.

முடிவில் சுவர் விழும் என்று எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. விழுந்த சத்தத்துக்கு சனம் எழும்பித் துள்ளினது. நான் கதிரைக் கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டன். பிறகு அவையள் மண்டலின், கிளாரினெற் எல்லாம் தூக்கிக்கொண்டு அந்தக் கல்லுக் குவியலுக்கு முன்னால் சும்மா நடந்து வந்து வாசிச்சுப் போட்டுப் போயிட்டினம். "பிடிக்கேல்லையா?" என்று அந்தப் பெடியன் கேட்டான். பிடிச்சது என்றன். உண்மையில் பிடிச்சதுதான்.

பின்னிரவுக் காது:
ஐயா, என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நன்றி. எல்லாருக்கும் நன்றி. கொட்டாவிக்கு மட்டும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஸ்காபரோ_மூலைக்கடை:
அதுக்கு நான் சொல்லுறன். 2015 ஜூன், ரொறொன்ரோ, கனடா ராக் குழு ரஷ்ஷின் 40-வது வருஷக் கச்சேரிச் சுற்றுலா. நண்பர் கடைசி நேரத்தில் வரேல்லை, ஒரு ரிக்கற் வீணாப் போகுதே என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனன். புதுப் பாட்டில் தொடங்கிப் பழசுக்குப் பின்னால நடக்கிற மாதிரி வாசிச்சவை, காலம் பின்னால போகப் போக, சிவப்பு உடுப்புப் போட்ட ஆக்கள் வந்து மேடைச் சாமான்களைக் கழட்டிக்கொண்டு போவினம். ஏதோ பழுதாப் போச்சு என்றுதான் முதலில் நினைச்சன். கடைசியில் பார்த்தால் பள்ளிக்கூட மண்டபம் மாதிரி, கதிரைக்கு மேல ஒரு அம்ப்ளிஃபையர், அவ்வளவுதான். எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு.

அம்மா இதில பாதியைப் பார்க்கேல்லை. இரண்டாம் பாட்டிலேயே சால்வையைப் போர்த்துக்கொண்டு நித்திரை. ஒருத்தரும் முறைக்கேல்லை, பின்னால இருந்த கிழவர் ஒருவர் தன்ர ஜாக்கெற்றையும் தந்தார். நீல் பியர்ட்டின் டிரம் சோலோவுக்குத்தான் முழிச்சவ. எழும்பி நிமிர்ந்து இருந்து, கோயில் வீதியில தவில் சமா கேட்கிற மாதிரி தலையாட்டிக் கேட்டா. முடிஞ்சதும் என்னட்டத் திரும்பி, "நல்லா வாசிக்கிறான், ஆனா ஏன் இந்தப் பெடியன் ஒருக்காலும் சிரிக்கிறானில்லை?" என்றா.

பெடியனுக்கு அப்போது 62 வயது.