2023 இண்டி 500: ஒரே ஒரு சுற்றுக்காக மூன்றாவது சிவப்புக் கொடி தேவைதானா?

கொடிக்கம்பம்:
அமெரிக்காவின் 2023 இண்டியானாபொலிஸ் 500 கார் பந்தயம் என்று பேச்செடுத்தாலே ‘அதுதான்யா ஃபினிஷ்’ என்று சிலிர்த்துக்கொள்பவர்கள் இங்கே நிறையப் பேர். ஜோசஃப் நியூகார்டன் மார்கஸ் எரிக்சனை 0.0974 வினாடியில் ஜெயித்தார். சரி. ஆனால் அந்தக் கடைசிச் சுற்றைப் பந்தயம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பார்க்காதவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2.5 மைல் ஓவல், 200 சுற்று. கடைசி இருபது சுற்றுக்குள் மூன்று சிவப்புக் கொடி, அதாவது மூன்று முறை பந்தயமே நிறுத்தம். முதலில் ஃபீலிக்ஸ் ரோசன்க்விஸ்ட் சுவரில் உரசிச் சுழன்று குறுக்கே வந்தார். பின்னால் வந்த கைல் கர்க்வுட் அவர் கார்மேல் மோதி, தலைகீழாகக் கவிழ்ந்து சறுக்கிக்கொண்டே போனார். அடுத்து பாட்டோ ஓவார்ட் மூன்றாம் வளைவில் எரிக்சனை உள்பக்கமாக முந்தப் போய், கை நழுவிச் சுவரில் மோதினார். அந்தக் கூத்தில் சிமோன் பஜெனோவும் அகுஸ்டின் கனபினோவும் சிக்கினார்கள். மூன்றாவது இன்னும் கேவலம். மறுபடி ஓட்டத்தைத் தொடங்கப் பச்சைக் கொடி காட்டிய கையோடு, வளைவுகூட வருவதற்கு முன்பே, பின்வரிசைக் கார்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

அதற்கும் சிவப்பு! பாதையைத் துப்புரவு செய்துவிட்டு, நிறுத்தி வைத்திருந்த பிட் லேனிலிருந்து கார்களை வெளியே விட்டு, முன்னால் மெதுவாக வழிநடத்தும் பேஸ் காருக்குப் பின்னால் ஒரே ஒரு சுற்று. அது முடிந்ததும் பச்சையும், கடைசிச் சுற்று என்று சொல்லும் வெள்ளையும் சேர்ந்தே வந்தன. டயர் சூடேறக்கூட நேரம் தரவில்லை. இது நியாயமும் இல்லை, ஆபத்தும்கூட என்று எரிக்சன் இறங்கியதுமே சொன்னார். என் கட்சியும் அதுதான்.

ஓவல்ராசா:
தோற்றவர் வேறு என்ன சொல்வார் சகோ?

மூன்று லட்சம் பேர் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் பேஸ் கார் ஊர்வலம் நடத்தி, ‘முதலில் இருந்தவருக்கே வெற்றியாளர் குடிக்கும் பால் பாட்டில்’ என்று முடித்தால் அது மட்டும் நியாயமா? 2020-ஐ மறந்துவிட்டீர்களா? ஸ்பென்சர் பிகோட் பிட் நுழைவுத் தடுப்பில் மோதினார், ஐந்து சுற்று மாதிரி மிச்சம், முந்தக் கூடாத மஞ்சள் கொடியிலேயே முடித்தார்கள். டாக்குமா சாடோ ஜெயித்தார். ஸ்காட் டிக்ஸனுக்கு முந்திப் பார்க்க ஒரு வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை. அன்றைக்கு எல்லோரும் ‘சிவப்புக் கொடி எங்கே’ என்றுதான் கத்தினார்கள்.

இண்டியில் நாஸ்கார் பந்தயங்கள் மாதிரி கூடுதல் சுற்று கிடையாது. 500 மைல் என்றால் 500 மைல். அதற்குள் பச்சையில் முடிக்க வேண்டுமென்றால் ஓட்டத்தை நிறுத்துவதைத் தவிர வேறு வழி ஏது?

பெட்ரோல்வாசம்:
எல்லோரும் வசதியாக மறந்துபோகிற ஒரு விஷயம். அந்த மைதானம் அன்றைக்கு யாருடையது? ரோஜர் பென்ஸ்கேயுடையது. இண்டி 500 அடங்கிய இண்டிகார் தொடர் யாருடையது? அவருடையதே. நியூகார்டன் ஓட்டிய கார்? அதுவும் பென்ஸ்கே அணியின் கார்தான். முதலாளியின் மைதானம், முதலாளியின் கொடி, முதலாளியின் கார். நான் எதுவும் சொல்லவில்லை, நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓவல்ராசா:
@பெட்ரோல்வாசம் கணக்குப் போட்டுவிட்டேன், விடை எதிர்ப்பக்கம் வருகிறது. ஓவார்ட் மோதியபோது முன்னால் இருந்தது யார்? நியூகார்டன். இரண்டாவது சிவப்பைக் காட்டாமல் மஞ்சளிலேயே ஓட்டி முடித்திருந்தால் பென்ஸ்கேவுக்கு வெற்றி தானாக மடியில் விழுந்திருக்கும். அதைக் காட்டியதால்தான் அடுத்த ரீஸ்டார்ட்டில் எரிக்சன் அவரைத் தாண்டி முன்னால் போனார். போன உடனே பின்னால் மோதல், மறுபடி மஞ்சள். ஆக எரிக்சனுக்கு முதலிடம் கிடைத்ததே சிவப்புக் கொடியின் தயவில்தான். தனக்குக் கிடைத்தபோது இனித்தது, பறிபோனபோது கசந்தது!

மைதானத்தை வாங்கிய 2020-இலிருந்து பென்ஸ்கே பிட் சுவரில் உட்கார்ந்து உத்தி சொல்வதையும் விட்டுவிட்டார். கொடியை முடிவு செய்வது ரேஸ் கன்ட்ரோல்.

பெட்ரோல்வாசம்:
ரேஸ் கன்ட்ரோலுக்கு அப்போது சம்பளம் யார் கொடுத்தார்களாம்? சும்மா கேட்டேன் 🙂

நட்டுபோல்ட்டு:
தம்பிகளா, நீங்கள் யார் ஜெயித்தது என்று மல்லுக்கட்டுகிறீர்கள். எனக்கு முதல் மோதலை விட்டுக் கண் நகரவில்லை.

கர்க்வுட் காரின் இடது பின்சக்கரம் முழுதாகக் கழன்று, வேலிக்கு மேலே, இரண்டாம் வளைவுப் பக்கத்து ஜனங்களின் தலைக்கும் மேலே பறந்துபோய் வாகன நிறுத்தத்தில் நின்ற ஒரு வெள்ளை செவர்லே குரூஸ் மேல் விழுந்தது. கார் நசுங்கியது, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சில அடி இந்தப் பக்கம் தாழ்ந்திருந்தால் இன்றைக்கு ‘சிறந்த ஃபினிஷ்’ என்று யாரும் வாய் திறந்திருக்க மாட்டீர்கள். இதே மைதானத்தில் 1987-இல் ஒரு சக்கரம் பறந்து பார்வையாளர் ஒருவர் செத்திருக்கிறார். 1998-இல் மிச்சிகனில் மூன்று பேர், 1999-இல் ஷார்லட்டில் மூன்று பேர், எல்லாம் பறந்து வந்த சக்கரமும் உதிரியும் பட்டுத்தான். அதன் பிறகுதான் சக்கரத்தைச் சட்டத்தோடு கட்டிவைக்கிற வலுவான இழைக்கயிறு கட்டாயமாகியது.

2023-இல் அந்தக் கயிறு அறுகவில்லை என்பதுதான் விசேஷம். மோதிய வேகத்தில் சக்கரத்தைத் தாங்கும் பின்பக்க அப்ரைட்டைப் பிடித்திருந்த நட் விட்டுக்கொடுத்தது, மூலையோடு பெயர்ந்து போய்விட்டது. காரைத் தயாரிக்கும் டல்லாரா பிறகு அந்த நட்டைத்தான் மாற்றியது. ஓவலில் ஒரே பக்கம் திரும்பித் திரும்பிப் போகிற காருக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே சுமை விழாது. அதில் எது எப்போது பிடி விடும் என்பது விட்ட பிறகுதான் தெரியும்.

இது நடந்த அரை மணி நேரத்துக்குள், அதே நட்டோடு, குளிர்ந்த டயரில், கொத்தாக எல்லோரையும் மறுபடி மறுபடி அவிழ்த்து விட்டார்கள். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஓவல்ராசா:
அண்ணே, கர்க்வுட் ஒரு கீறல்கூட இல்லாமல் இறங்கி வந்தார். ஓட்டுநர் தலையைக் காக்க 2020-இல் வந்த ஏரோஸ்கிரீனும், 2002-இலிருந்து இருக்கிற மெத்தைச் சுவரும் எதற்காக? ஆபத்தே வேண்டாம் என்றால் ஓவலையே மூட வேண்டியதுதான்.

நட்டுபோல்ட்டு:
மூடச் சொல்லவில்லை தம்பி. 2011 லாஸ் வேகஸ் உனக்கு நினைவிருக்கும். 34 கார், அகலமான சாய்வான ஓவல், பதினோராவது சுற்றில் 15 கார் ஒரே குவியல். டான் வெல்டன் போனார். அதே ஆண்டு மே மாதம்தான் இண்டி 500-ஐ ஜெயித்திருந்தார். அன்றைக்குச் செத்தது மோசமான ஓட்டத்தால் இல்லை, கார்கள் பிரிய வழியில்லாமல் கொத்தாகப் போனதால். பந்தயம் நடு ஓட்டத்தில் இருக்கும்போது கார்கள் தாமாகப் பிரிந்து நீளும். சிவப்புக் கொடி அந்த நீளத்தை மறுபடி சுருக்கிக் கையில் கொடுக்கிறது. அதோடு ‘மிச்சம் ரெண்டு சுற்றுதான்’ என்ற வெறியையும் சேர்த்துக் கொடுக்கிறது.

மூன்றாம்வளைவு:
நட்டுபோல்ட்டு அண்ணன் சொன்னதோடு எனக்கு முக்கால்வாசி உடன்பாடு. ஆனால் கொடிக்கம்பம் ‘நியாயம்’ என்ற இடத்தில்தான் இடறுகிறார். சிவப்புக் கொடியால் எரிக்சன் நஷ்டப்பட்டது 2023-இல் மட்டும் இல்லை. 2022-இல் அவர் ஏறக்குறைய மூன்று வினாடி முன்னால் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தார். ஜிம்மி ஜான்சன் மோதினார், சிவப்பு காட்டினார்கள், அத்தனை இடைவெளியும் காற்றில் போனது. ரெண்டு சுற்று மிச்சம் வைத்து மறுபடி விட்டார்கள். அவர் நேர்ப்பாதை முழுக்க இடமும் வலமும் நெளிந்து நெளிந்து ஓவார்டை அடக்கி ஜெயித்தார். அன்றைக்கு அவர் புலம்பியதாக எனக்கு நினைவில்லை, ஜெயித்துவிட்டாரே.

ஆகவே ‘முன்னால் இருப்பவர் கட்டாயம் தோற்பார்’ என்ற வாதம் எடுபடாது.

கொடிக்கம்பம்:
@மூன்றாம்வளைவு அக்கா, நெளிந்து தப்பித்தது எப்படி என்று பார்த்தால் என் பக்கம்தான் வலுக்கும். மணிக்கு 220 மைலுக்கு மேலே போகும்போது முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறார், பின்னால் இருப்பவருக்கு அந்தச் சிரமம் இல்லை, அதனால் வேகம் கூடும். இந்த ஸ்லிப்ஸ்ட்ரீம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததே. சாதாரணமாக ஓடும்போது ஒருவர் முந்துவார், அடுத்த சுற்றில் மற்றவர் திருப்பி முந்துவார், கணக்கு சரியாகும். கடைசிக்கு இரண்டு சுற்று இருக்கும்போது முந்தலாமா, காத்திருக்கலாமா என்று ஒரு சதுரங்கமே நடக்கும். ஒரே சுற்று என்றால் அந்தச் சதுரங்கம் கிடையாது. இரண்டாவதாக நிற்பவருக்கு ஒரு பாய்ச்சல், முதலில் நிற்பவருக்குப் பதில் சொல்லச் சுற்றே இல்லை.

நியூகார்டன் பின்நேர்ப்பாதையில் மூன்றாம் வளைவுக்கு முன்பே முந்திவிட்டார். நான்காம் வளைவு தாண்டி பிட் நுழைவுப் பக்கம் வரைக்கும் கீழே இறங்கி நெளிந்து வந்தார். எரிக்சனுக்கு அந்த ஸ்லிப்ஸ்ட்ரீம் கிடைக்கவே இல்லை. இதில் நியூகார்டனைக் குறை சொல்லவே மாட்டேன். பன்னிரண்டாவது முயற்சி, பதினேழாவது இடத்திலிருந்து கிளம்பியவர், கிடைத்த வாய்ப்பைக் கவ்விக்கொண்டார். வேலி இடுக்கில் புகுந்து கூட்டத்துக்குள் ஓடினாரே, அதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. குறை எல்லாம் ரேஸ் கன்ட்ரோல் மேல்தான்.

பெட்ரோல்வாசம்:
அப்போ சுற்றி வளைத்து என் பக்கம் வந்துவிட்டீர்கள்.

கொடிக்கம்பம்:
வரவில்லை. நீங்கள் சொல்வது சதி. நான் சொல்வது விதி இல்லாமை.

மூன்றாம்வளைவு:
அங்கேதான் நான் வருகிறேன். 2020-இல் ஐந்து சுற்றுக்குச் சிவப்பு இல்லை. 2022-இல் கிட்டத்தட்ட அதே அளவு மிச்சம், சிவப்பு உண்டு. 2023-இல் மூன்று முறை உண்டு. மூன்றையும் முடிவு செய்தது அந்த நேரத்தில் இருந்தவர்களின் மனசு. 198-ஆவது சுற்றில் என்ன நடக்கும் என்று ஓட்டுநருக்கே தெரியாதென்றால் எரிபொருளை எப்படிச் சேமிப்பார், முதலிடத்தை எப்போது எடுப்பார்? முதலில் இருப்பது நல்லதா கெட்டதா என்பதே அடுத்த கொடியைப் பொறுத்தது.

இன்னொன்று. மூன்றாவது மோதல் நடந்தபோது நாலைந்து சுற்று கையில் இருந்தது. சிவப்பை உடனே காட்டவில்லை. மஞ்சளில் கார்களை ஓட்டிக்கொண்டே யோசித்தார்கள். அந்த யோசனைதான் மிச்சச் சுற்றுகளைத் தின்றது. உடனே நிறுத்தியிருந்தால் சூடேற்ற ஒன்றுக்கு ரெண்டு சுற்று கொடுத்துவிட்டு, பச்சையிலும் ரெண்டு சுற்று ஓட்டியிருக்கலாம். எரிக்சனும் வாய் திறந்திருக்க மாட்டார், ராசாவுக்கும் பச்சை ஃபினிஷ் கிடைத்திருக்கும்.

ஓவல்ராசா:
அக்கா, உட்கார்ந்து யோசிக்க எங்களுக்கு ராத்திரி முழுக்க இருக்கிறது. அங்கே மேலே இருப்பவர்களுக்கு, ஓட்டுநர் உயிரோடு இருக்கிறாரா, ஆம்புலன்ஸ் எங்கே, பாதையில் என்ன கிடக்கிறது என்று பார்ப்பதிலேயே ரெண்டு சுற்று போய்விடும். ஒரு சுற்று 40 வினாடிதான். பேஸ் காருக்குப் பின்னால் அதைவிடக் கூடும், அவ்வளவே.

அப்புறம் 2024-ஐயும் பாருங்கள். மழையால் நாலு மணி நேரம் தாமதம், ஆனால் கடைசியில் சிவப்புக் கொடி எதுவும் இல்லை. அதே நியூகார்டன், அதே மூன்றாம் வளைவு, கடைசிச் சுற்றில் ஓவார்டை வெளிப்பக்கமாகச் சுற்றிப்போய் முந்தினார். 2023-இல் கொடியால் ஜெயித்தார் என்பவர்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நட்டுபோல்ட்டு:
அதைத்தானே தம்பி நாங்களும் சொல்கிறோம். கொடி இல்லாமலே அப்படி ஒரு முடிவு வருகிறதென்றால், 2023-இல் அத்தனை காரை உடைத்து எதற்கு?

ஓவல்ராசா:
உடைத்தது கொடி இல்லை அண்ணே, வலது கால். ஓவார்ட் அந்த இடைவெளிக்குள் மூக்கை நுழைக்காமல் இருந்திருந்தால் இரண்டாவது சிவப்பே கிடையாது. இடம் கொடுக்காமல் அமுக்கியது யார்? உங்கள் எரிக்சன்தான். அதற்கு ஒரு தனி விவாத இழை தொடங்குங்கள், வருகிறேன்.