கோல்டன்ராட் பூச்சாயம்: மஞ்சள் வராமல் காக்கி ஏன்?

நூல்கண்டு:
100 கிராம் கம்பளி நூலில், சாயம் பிடிக்க 15 கிராம் படிகாரம் ஏற்றியாச்சு. பச்சையாகப் பறித்த கோல்டன்ராட் (மஞ்சள் பூங்கொத்து பூக்கும் செடி) 100 கிராம், தண்டு இலையோடு, இரண்டு மணி நேரம் கொதித்தது. கிடைத்தது மங்கலான காக்கி. பளிச்சென்ற மஞ்சளுக்கு எதை மாற்றணும்? இதே சாயத்தில் பருத்தி நூலையும் போடலாமா?

சாயத்தொட்டி:
படிகாரம் சரியான அளவுதான், அதைத் தொடாதீங்க. கெடுத்தது கொதி. தளதளவென்று கொதித்தால் தண்டிலும் இலையிலும் உள்ள துவர்ப்பெல்லாம் இறங்கி மஞ்சளைப் பழுப்பாக்கிவிடும். பூங்கொத்தை மட்டும் கிள்ளி எடுங்க. அதுவும் பாதிப் பூ விரிந்த பருவத்தில். பஞ்சு பறக்க ஆரம்பித்த பூவில் நிறம் போயிருக்கும்.

காயவைக்காத பூ என்றால் நூலின் எடையைப்போல் இரண்டு மடங்காவது வேணும். 80 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் ஒரு மணி நேரம் வைத்து, வடிகட்டி, ஆறவிட்டு, நனைத்த நூலைப் போடுங்க. மெதுவாக மறுபடி 80 டிகிரிக்கு ஏற்றி முக்கால் மணி நேரம். ஆறும்வரை நூல் சாயத்திலேயே கிடக்கட்டும். சூட்டோடு எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டால் கம்பளி சுருங்கித் திரண்டுவிடும்.

மஞ்சள்நூல்:
பாத்திரம் இரும்பா? அப்படியென்றால் பாதிக் காரணம் அதுதான். இரும்பு பட்டால் இந்த மஞ்சள் ஆலிவ் பச்சைக்குத் திரும்பும். எவர்சில்வர் போதும். பச்சைதான் வேணுமென்றால், சாயமேற்றிய பிறகு நூல் எடையில் 1 முதல் 2 சதவீதம் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) வெந்நீரில் கரைத்து, பத்து நிமிஷம் முக்குங்க. கூடினால் கம்பளி மொரமொரப்பாகி இற்றுப்போகும்.

சாயத்தொட்டி:
பருத்திக்கு வெறும் படிகாரம் சரியாகப் பிடிக்காது. சலவைச் சோடாவில் கொதிக்கவைத்து மெழுகு போக்கி, நூல் எடையில் 20 சதவீதம் கடுக்காய்த்தூள் ஏற்றி, அதன்மேல் படிகாரம். அப்போதும் கம்பளியின் ஆழம் வராது. தனித் தொட்டியில் செய்யுங்க. கம்பளி சாயத்தைச் சீக்கிரம் குடித்துவிடும், பருத்திக்கு மிஞ்சாது.

நூல்கண்டு:
பழைய இரும்புச் சட்டிதான்! எவர்சில்வரில், பூவை மட்டும் போட்டுப் பார்க்கிறேன். நன்றிங்க.

மஞ்சள்நூல்:
துண்டு நூலில் முதலில் பாருங்க. வெயில் படும் இடத்தில் இந்த மஞ்சள் நாளடைவில் வெளுக்கும், திரைச்சீலைக்கு வேண்டாம்.